கல்லைக் கண்டோம்

நீப்பவாவுக்கு வடக்கே இருபத்தாறு கிலோமீட்டர்.
ஏப்ரலில் பனி உருகியதும்
இந்த நிலம் முதலில் விளைவிப்பது கல்.
பக்கத்துக் காணி டேல் ஃபிரீசன்
டிராக்டரில் வந்து பொறுக்கிப் பொறுக்கி
இருவருக்கும் பொதுவான வேலியோரம்
குவித்துவிட்டுப் போவார்.
பழமொழியில் பாதி எங்களிடம் இருந்தது.
நாயைத்தான் காணோம்.

புட்டு என்று மகள் பெயர் வைத்த வெள்ளைக் குட்டி
கழுத்துப் பட்டியும் ஒரு பின்னங்காலுமாக
மிஞ்சிக் கிடந்த காலையில்
கொயோட்டி, என்றார் டேல்,
மழை என்று சொல்வது போல.
துவக்கு மலிவு என்றும் சொன்னார்.
கேதீஸ் அந்தச் சொல்லை
வீட்டுக்குள் கொண்டுவரவில்லை.
வாசலிலேயே சப்பாத்தோடு கழற்றி வைத்தார்.

பிறகு, ட்ரக் கணக்குத் தாளைத் திருப்பி
நடுவில் ஒரு கோடு கிழித்தார்.
இடது பக்கம் பைரனீஸ். வலது பக்கம் ஆனட்டோலியன்.
இரண்டும் ஆட்டோடு படுத்து ஆட்டைக் காக்கிற இனம்,
இரண்டும் என் நிறைக்கு
இரண்டு கிலோ கூடவோ குறையவோ.
வெள்ளை மயிர் கொட்டும், இரவு முழுக்கக் குரைக்கும்
என்று இடது பக்கம் எழுதினார்.
வலது பக்கம்:
மண் நிறம், கறுத்த மூஞ்சி, சத்தமில்லை.
வந்ததை முடித்துவிட்டுத்தான் சொல்லும்.
குரைக்கிற நாய் கடிக்காது, தெரியுந்தானே
என்று அடிக்கோடும் போட்டார்.

சனிக்கிழமை பிராண்டன் பக்கம் போனோம்.
ஆனட்டோலியன் எங்களைப் பார்க்கவே இல்லை.
எங்களைத் தாண்டி, வேலியைத் தாண்டி,
அடுத்த மாகாணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.
இதுதான் நாய், என்றார் கேதீஸ்,
விசா அதிகாரி முன் நிற்பவர் போல
கைகளைக் கட்டிக்கொண்டு.

ஞாயிறு டோஃபின்.
பைரனீஸ் வந்து அபிஷனாவின் பூட்சின் மேல் உட்கார்ந்தது.
எழும்பவில்லை.
அவளும் காலை எடுக்கவில்லை.
கால் விறைத்ததைக் காரில்தான் சொன்னாள்.

அன்றிரவு சாப்பாட்டு மேசையில்
இன்னொரு வரி சேர்ந்தது: ஆயுள்.
இது பத்து, அது பன்னிரண்டு வருஷம், என்றார்.
நான் கரண்டியை வைத்தேன்.
மூன்று வருஷம் என்றுதான் வந்தோம்.
பிறகு டொரொண்டோ, பிறகு பார்ப்போம்.
வீட்டுக் கடன் எடுத்தபோதும்
பார்ப்போம் என்றுதான் கையெழுத்துப் போட்டோம்.
பத்து வருஷம் என்று இந்த வீட்டில்
முதல்முதல் வாய்விட்டுச் சொன்னது
ஒரு நாயின் வயதைப் பற்றி.
அவருக்கும் அது கேட்டிருக்க வேண்டும்.
பேனையை மூடிவிட்டு
உப்பு எங்கே என்று கேட்டார்.
உப்பு அவர் முன்னால் இருந்தது.

அவருக்குத் தெரியாத ஒன்று உண்டு.
கிழமையில் நாலு இரவு அவர் தண்டர் பே வீதியில்.
இங்கே பிரிட்ஜ் ஓடுவது நின்றாலே
நான் எழும்பி உட்காருவேன்.
சத்தம் போடாமல் காவல் காக்கிற ஒன்று
ஏற்கெனவே இருக்கிறது இந்த வீட்டில்,
அது நான்.
கடிக்க வேண்டாம் கேதீஸ், என்றேன்,
குரைக்கட்டும்.

எண்ணூறு டொலர். இரண்டு வயது. பெயர் பெர்ல்.
ஆடுகள் முதல் நாள் சுவரோடு ஒட்டி நின்றன,
மூன்றாம் நாள் அதன் தண்ணீரைக் குடித்தன.
சோற்றில் மயிர். பருப்பில் மயிர்.
வேலைக்குப் போடும் கறுப்புச் சட்டையில்
இன்னொரு சட்டைக்குக் காணும் மயிர்.

நேற்று ஒன்றரை மணிக்கு அழைப்பு, கெனோராவிலிருந்து.
என்ன, இந்தக் கத்துக் கத்துது?
ஜன்னலுக்குப் போய்ப் பார்த்தேன்.
நிலா வெளிச்சத்தில் வாலைத் தூக்கிக்கொண்டு,
இத்தனை நாள் இல்லாத ஏதோ
இப்போதுதான் வந்து குந்தியது போல.
கல்லைப் பார்த்து, என்றேன்.
எந்தக் கல்?
டேலின்ர கல்லுக் குவியல்.
ஓ.

நித்திரை கொள்ளப் போறன், வைக்கட்டா?
வை, என்றார்.
போனை ஜன்னலடியில் வைத்தேன், அணைக்காமல்.
அவரும் அணைக்கவில்லை.