எலி ஆண்டு

தாய்ச்சுங் நகரில் மழை விட்டிருந்தது.
நான்காவது மாடியில் ஜுவாங் பெய்-யின்
எண்ணிக்கொண்டிருந்தாள்:
நனைந்த நாய் உடம்பை உதறுவதுபோல்
நனையாத எலி எத்தனை முறை உதறுகிறது என்று.
நாற்பத்தொன்று. நாற்பத்திரண்டு.
தேநீர் ஆறிக் கிடந்தது.

எலிக்கு வலிப்பைத் தந்தது
ஒரு சிவப்புக் கடற்பாசியின் சாரம்.
ஒருகாலத்தில் அதே பாசியைக் காய்ச்சிப்
பிள்ளைகளுக்குப் பூச்சி மருந்தாகப் புகட்டினார்கள்.
மருந்தாய் இருந்தது
இப்போது நோய் செய்யும் வேலையில்.
அவள் அதை எங்கும் எழுதவில்லை,
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

தணிக்க வந்தது கொக்கிக்கொடி.
கணுவுக்குக் கணு வளைந்த முள்,
தூண்டிலை விட்டுவிட்டு
யாரோ மீனை மறந்துபோனதுபோல்.
"கஷாயத்தில் இதைக் கடைசியில்தான் போடணும்,
ரொம்பக் கொதித்தால் குணம் போய்விடும்"
என்பார் கொண்டுவந்து தரும் மூலிகைக் கடைக்காரர்
தூ சின்-ஷுவெய்.

வலிப்பு ஓய்ந்த மூளையில்
கொழுப்பு காறிப்போகிறது,
மூட மறந்த எண்ணெய்போல்.
மூச்சுக்கு வேண்டிய அதே காற்று
உள்ளே போய்த் துருவாகிறது.
எவ்வளவு காறியது என்பதைக்
குழாயில் ஒரு நிறம் சொல்லும்: இளஞ்சிவப்பு.

வெள்ளியன்று,
கொடியின் சாறு குடித்த எலிகளின் குழாய்கள்
கொஞ்சம் வெளிறியிருந்தன.
கொஞ்சம்தான்.
ஜன்னலுக்கு எதிரே பிடித்தால் தெரியும்.

"பலித்ததா?"
அடுத்த மூட்டையை இறக்கியபடி தூ கேட்டார்.
"எலிகளுக்கு, கொஞ்சம்."
அவர் மகனுக்குப் பள்ளி நாளிலிருந்து வருகிறது.
அவர்கள் பேச்சில் அதற்கு ஆட்டின் பெயர்.
நம் பேச்சிலோ கால்கை வலிப்பு
காக்காயாகிப் பறந்துவிட்டது.
ஏனோ இரண்டிலும் மனிதன் இல்லை.

"எலிக்கு ஆனது மனிதருக்கும் ஆகுமென்று
சொல்ல முடியாது, ஐயா."
தூ சிரித்தார்.
"என் மகன் எலி ஆண்டில் பிறந்தவன்."

அவளுக்கும் சிரிப்பு வந்தது,
பாதியில் நின்றது.
"மாத்திரையை நிறுத்திவிட்டீர்களா?"

அவர் மூட்டையின் முடிச்சை அவிழ்த்தார்,
திரும்பக் கட்டினார்.
"பதினோரு நாள்" என்றார், முடிச்சிடம்.

மின்தூக்கி வந்தது.
மூடப்போன கதவை அவள் காலால் தடுத்தாள்.
"இப்போதே அவனை டாக்டரிடம் கூட்டிப்போங்கள்.
மாத்திரைதான் முதலில்.
கொடியைக் கடைசியில் போடணும் என்று
நீங்கள்தானே சொன்னீர்கள்."