மூழ்கும் தேதி

மைனஸ் முப்பத்தொன்று என்று
எதிர்ச்சாரி வங்கியின் பலகை சொன்ன காலையில்
கரிப்புகையோடு உள்ளே வந்தாள்.
உலான்பாத்தரின் இந்தத் தெருவில் மட்டும்
ஏழு அடகுக் கடைகள்.
எங்களுடையது நாலாவது, வட்டியிலும் நாலாவது.

இடது மணிக்கட்டில் மூன்று சுற்று.
ஒவ்வொன்றாகப் பிரித்தாள்,
கட்டை அவிழ்த்துக்
காயம் ஆறியதா என்று பார்ப்பவள்போல.

நூற்றெட்டு மர மணி.
இருபத்தேழு கழிந்தால் ஒரு பவளம்,
அப்படி மூன்று.
தலைமணி டர்க்காய்ஸ்,
வால்நுனியில் சுண்டைக்காய் அளவு அம்பர்.

"சிவப்பு உயிர்ச்சூடு" என்றாள்,
"நீலம் வானம்.
மஞ்சள், குளிரில் உறைந்த வெயில்."
என் பேரேட்டில் சிவப்புக்கு கிராம்,
நீலத்துக்குக் கீறல்,
மஞ்சளுக்கு ஊசி.
சூடாக்கித் தொட்டேன்.
கடைக்குள் ஒரு பைன் காடு நுழைந்து
கதவைத் திறக்காமலே போய்விட்டது.

அடையாள அட்டையில் பெயர் ஷுரென்செட்செக்.
பவளப்பூ.
ஊர் பயன்ஹோங்கோர்.
அங்கிருந்து எந்தத் திசையில் நடந்தாலும்
கடலைப் பார்க்குமுன் செருப்பு தேய்ந்துவிடும்.

முதல் பவளத்தில் அமிலத் துளி நுரைத்தது.
இரண்டாவதிலும்.
மூன்றாவது சும்மா இருந்தது.

நான் எதுவும் சொல்லவில்லை.
அவளே சொன்னாள்:
"அது கண்ணாடி.
ஆடுகள் நின்றபடியே விறைத்துப்போன வருஷம்
நிஜத்தை விற்று அதைக் கோத்தேன்.
எண்ணும்போது விரல் இளைப்பாறுகிற இடம் அது.
விரலுக்கு வித்தியாசம் தெரியாது.
எனக்குத் தெரியும்.
அங்கேதான் கொஞ்சம் கூடுதலாக நிற்பேன்."

ரசீதில் எழுதினேன்:
பவளம் இரண்டு, டர்க்காய்ஸ் ஒன்று, அம்பர் ஒன்று,
மரம், மதிப்பில்லை,
கண்ணாடி, மதிப்பில்லை.
லாரிக்கு கியர் பெட்டி வாங்க எவ்வளவு வேண்டுமோ
அதில் பாதிதான் தேறியது.
மீட்பு நாள் என்ற கட்டத்தில் தேதி போட்டேன்.
அந்தச் சொல்லுக்குக் கோயிலிலும் வேலை உண்டு,
கடையிலும்.

தோல் படாவிட்டால் நீலம் வெளிறும் என்று
போகும்போது திரும்பி நின்று சொன்னாள்.
இரும்புப் பெட்டிக்குத் தோல் கிடையாது.
மதிய இடைவேளையில், கதவைச் சாத்திவிட்டு,
ஸ்வெட்டருக்குள் போட்டுக்கொண்டேன்.
நாலைந்து நாள்தான்.
பிறகு தினமும்.

தேதி வந்தது.
அவள் வரவில்லை.
தவணை தப்பிய நகையை
மூழ்கிவிட்டது என்போம்.
கடல் இல்லாத நாட்டில் ஒரு பவளம்
இரண்டாம் முறை மூழ்கியது.

முதலாளி கன்துமுர் கத்தரிக்கோல் எடுத்தார்.
கற்கள் தராசுக்குப் போயின,
மரம் தரைக்கு.
"குப்பையைக் கூட்டிடு."

கூட்டினேன். எண்ணினேன்.
நூற்றாறு.
நாற்காலிக்கடியில் ஒன்று.
மற்றதற்காக
முழங்கால், கை, கடைசியில் நெற்றியும் தரையில் பட
ஹீட்டருக்கு அடியில் துழாவினேன்.
சூடாக இருந்தது,
யாரோ இப்போதுதான் விட்டுப்போனதுபோல.

ஒன்பது நாள் கழித்து வந்தாள்,
கையில் முழுப் பணம், கன்னத்தில் பனிப்புண்.
சாலை மூடியிருந்ததாம்.
தேயிலை உறை ஒன்றைத்
தடுப்பின் கீழே தள்ளினேன்.

கொட்டிப் பார்த்தாள்.
மரத்துக்கு நடுவே சிவப்பாய் அது ஒன்றுதான்.
விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தாள்.
நான் தலை குனிந்து
மேஜையின் விரிசலைப் படித்துக்கொண்டிருந்தேன்.

"இதற்கு வட்டி எவ்வளவு?" என்றாள்.