ஒரு பட்டை குறைவாக

எண்பத்து மூன்றாம் வருடத்து வண்டி.
நான்கு சக்கரமும் இழுக்கும்.
முன்னச்சு ஒரே இரும்புத் தடி,
அதன்மேல் இருபுறமும் பட்டைக் கட்டு.
ஓட்டுகிற பக்கம் ஒன்றரை அங்குலம் சாய்ந்திருந்தது.
அந்த ஒன்றரை அங்குலம் நான்தான்,
பதினொரு வருடம் அதே இடத்தில் உட்கார்ந்தவள்.

ஐடஹோவில் பனி உருக உருக
மந்தை மேலேறும்.
வியாழன்தோறும் முகாமுக்கு அரிசி, வெங்காயம்,
நாய்த்தீனி, டார்ச் பேட்டரி,
ஒரு டஜன் முட்டை.
முழுசாய்ப் போய்ச் சேர்வது ஏழு.
நல்ல வாரத்தில் எட்டு.

கேலன் சொன்னான்: நாலு அங்குலம் தூக்கிவிடு.
தூக்கினால் பிரேக் குழாய் எட்டாது,
ஷாஃப்ட் கோணம் கெட்டு முனகும்,
இதையெல்லாம் அவனே சொன்னான்.
சொல்லாதது ஒன்று:
அவன் வண்டியில் ஏற
அவன் மனைவி வாளியைக் கவிழ்த்துப் போடுகிறாள்.

பட்டறை ரூலன்
தீவன ரசீதின் முதுகில் சுருள்வில் வரைந்தான்.
பட்டையே வேண்டாம், அறுத்து எறி,
இரண்டு நீளக் கை, இரண்டு சுருள்,
மெத்தை மாதிரி போகும்.
படம் அழகாகத்தான் இருந்தது.
அடியில் எழுதிய தொகை
வண்டியை நான் வாங்கிய விலையைத் தாண்டியது.
ரசீதை மடித்து வைத்திருக்கிறேன்,
அந்தத் தீவனத்துக்கே இன்னும் பணம் கட்டவில்லை.

ஷேக்கிளை மட்டும் நீட்டலாமா என்றேன்.
நீட்டு, என்றான்,
ஸ்டீயரிங் நேர்கோட்டை மறந்துபோகும்.

மார்ச் கடைசியில், கொட்டகையில்,
சக்கரத்தைக் கழற்றிவிட்டுப் பட்டைகளை எண்ணினேன்.
ஐந்து இருக்க வேண்டிய இடத்தில் ஆறு.
ஆறாவது தடிமன். துருவின் நிறமே வேறு.
எனக்கு முன்னால் வைத்திருந்தவர்
பனி தள்ளும் தகட்டை முன்னால் மாட்டியிருந்தாராம்.
அந்தப் பாரத்துக்குச் செருகியது.
தகட்டை விற்றுவிட்டுத்தான் வண்டியை விற்றார்.

இல்லாத தகட்டை
இத்தனை வருடம் தாங்கிக்கொண்டு
விறைத்து நின்றிருக்கிறது முன்பக்கம்.
ஒவ்வொரு கல்லிலும் என் பல் ஆடியது
அதற்காக.

உருவி எடுத்தேன். இருபக்கமும்.
இடக் கட்டை வலத்திலும் வலக் கட்டை இடத்திலும் பூட்டினேன்,
சாய்வு தன்னைத்தானே தின்னட்டும் என்று.
யு-போல்ட் புதிது. புஷ் புதிது.
ஷாக் மட்டும் கடனில்.
வண்டி அரை அங்குலம் தாழ்ந்தது.
கேலன் சிரித்தான். சிரிக்கட்டும்.

ஜூன் முதல் வியாழன்.
ஓடைக் கல்லில் ஏறி இறங்கினேன்,
மூச்சு விடுகிற மாதிரி ஏறி இறங்கியது.
கீச்சென்ற சத்தம் எங்கே?
பழைய புஷ்ஷோடு குப்பையில்.

அதனால்தான் எலூத்தேரியோவுக்கு நான் வந்தது தெரியவில்லை.

கூடார வண்டிக்கு முன்னால், வெறுங்காலோடு,
அவன் ஆடிக்கொண்டிருந்தான்.
தொப்பி கையில். பாறைமேல் குதிகால் இடி.
வாயில் ஒரு பாட்டு,
எனக்குக் கொஞ்சம் தெரிந்த ஸ்பானிஷ் அல்ல அது,
பெருவில் அவன் மலைக்கு மட்டும் தெரிந்த ஏதோ மொழி.
நாய் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது,
டிக்கெட் வாங்கியதுபோல.

ஆறு கோடை என்னிடம் வேலை பார்த்திருக்கிறான்.
நான் பார்த்ததெல்லாம்
சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு,
காபி கொதிக்க, நின்று வரவேற்கும் ஒருவனை.
பட்டை கீச்சிட்டு
இரண்டு மேடு தள்ளியே சொல்லியிருக்கிறது அவனுக்கு.

பின்கியர் போட்டேன்.
காட்டுப்பூண்டு மறைக்கும்வரை மெல்லப் பின்வாங்கினேன்.
கொஞ்ச நேரம் இன்ஜினை அணைத்து
மடியிலிருந்த பட்டியலைப் படித்தேன். அரிசி. வெங்காயம்.
பிறகு ஹார்ன், மூன்று முறை, நீளமாக.

போனபோது பொத்தான் கழுத்துவரை இருந்தது.
காபி மட்டும் இன்னும் கொதிக்கவில்லை.
பன்னிரண்டும் முழுசு, என்றேன்.
நம்பாமல் ஒவ்வொன்றாக எடுத்து
வெயிலில் காட்டி எண்ணினான்.
பிறகு இரண்டை
அங்கேயே வாணலியில் உடைத்து ஊற்றினான்,
எனக்கொன்று, அவனுக்கொன்று.