மிச்சம் பிறகு

மூன்று நாளாக நுவரெலியாவில் வெயில் இல்லை.
மேல்மாடி மண்டபத்தில்
இரண்டு கொடி வேண்டும் என்றார்கள்,
பிறகு ஒரு கொடியும் வேண்டாம் என்றார்கள்.
மேசை மட்டும் வட்டமாக இருக்கட்டும்.
ஹோட்டலில் வட்டமேசை இல்லை.
கல்யாணத்துக்கு கேக் வைக்கும் பெரிய பலகையை
நானும் ஸ்டோர் சமிந்தவும்
மாடிக்குத் தூக்கினோம்.

என் சட்டையில் ராஜ் என்று குத்தியிருக்கும்.
பெயர் மருதவீரன்.
அவர்களுக்கும் அப்படித்தான்,
பதிவேட்டில் தேயிலை வாங்க வந்த வியாபாரிகள்.
ஒருத்தரும் தேயிலையைப் பற்றிக் கேட்கவில்லை.
கதவடைத்த நாட்டுக்காரர்
நாலு கரண்டி சீனி போட்டார்.
எதிரே இருந்தவர்களுக்கு வெறும் சுடுதண்ணி.

ஊற்றுகிறவனுக்குக் காது கிடையாது என்று நினைப்பு.
என் இங்கிலீஷ் மெனு அளவுக்குத்தான்,
ஆனால் நிறுவை எந்தப் பாஷையிலும் விளங்கும்.
எத்தனை கிலோ, எத்தனை சதவீதம்,
மலையைக் குடைந்து கட்டிய அறைக்குள்
யார் போய்ப் பார்ப்பது,
எந்தக் கதவால்,
எத்தனை நாள் முன்னே சொல்லிவிட்டு.

யோகமலர் சாக்கை மாட்டினால்
தராசு முள்ளைவிட்டுக் கண்ணை எடுக்கமாட்டாள்.
கணக்கப்பிள்ளை சாக்குக்கு ஒரு கிலோ கழிப்பார்,
ஈரத்துக்கு இரண்டு.
மண் வெடித்த பங்குனியிலும் ஈரத்துக்கு இரண்டு.
இவள் நின்று பார்த்தால் ஒன்றரை.
அந்த அரைக் கிலோவுக்காகத்தான்
மழையில் கடைசி ஆளாக வருகிறாள்.

மூன்றாம் இரவு கரண்ட் போனது.
நான் விறகு போடப் போனபோது
இரண்டு பக்கத்துக் கிழவர்களும்
ஒரே கணப்பில் கைகாட்டிக்கொண்டு
முழங்கால் வலியைப் பேசிக்கொண்டிருந்தார்கள்.
பன்னிரண்டு மணிக்குப் பிறகு ஒரு தாள் வந்தது.
கண்ணாடி போட்ட பெண் மெழுகுவர்த்தியில் வாசித்தாள்:
இவ்வளவு அழிப்பது,
இவ்வளவு வைத்துக்கொள்வது,
மிச்சத்தைப் பிறகு தீர்மானிப்பது.
எல்லோரும் மூச்சு விட்டார்கள்.
என் கையில் தட்டு ஆடியது.

அறுபத்துநாலிலும் ஒரு மேசை இருந்திருக்கும்.
ஐந்தேகால் லட்சம் பேர் அங்கே,
மூன்று லட்சம் இங்கே,
ஒன்றரை லட்சத்தைப் பிறகு பார்ப்போம்.
நாங்கள் அந்த ஒன்றரைக்குள் என்பார் அப்பா.
பத்து வருஷம் கழித்து
பிறகு என்பது வந்தது, பாதிப் பாதியாக.
பெரியப்பா கப்பலேறிப் போய் இறங்கிய முகாமுக்கும்
மண்டபம் என்றுதான் பெயர்.
அப்பா இங்கே நின்றார், காகிதம் இல்லாமல்.
அந்த ராத்திரியும் யாரோ
தேத்தண்ணி ஊற்றியிருப்பான்.

விடியுமுன் இரண்டு வேன்கள் போயின,
ஒன்று ரம்பொடைப் பக்கம், மற்றது ஹட்டன் வழி.
இரண்டும் கட்டுநாயக்கவுக்குத்தான்.

பலகையில் கோப்பைத் தடங்கள்.
தேசிக்காய் போட்டுத் தேய்த்தேன்.
ஒன்று மட்டும் போகவில்லை,
நாலு கரண்டிக்காரர் உட்கார்ந்த இடம்.
சனிக்கிழமை கல்யாணம்.
மேலே துணி விரித்தால் தெரியாது
என்றான் சமிந்த.
தெரியாதுதான்.