பூக்காரியின் சனிக்கிழமை

முப்பத்தாறு வருஷம்
மோல்மேன் தபாலாபீசில் காலை எட்டரைக்கு
முதல் வேலை, தேதியைத் திருப்புவது.
முத்திரையின் பல்சக்கரத்தில் நகத்தைக் கொடுத்து
ஒரு தள்ளு. கட்டைவிரலில் ஊதா மை.
நான் திருப்பிய பிறகுதான் ஊருக்கு விடிகிறது என்று
ஒரு நினைப்பு.
யாரிடமும் சொன்னதில்லை.

ஓய்வு பெற்ற அன்று முத்திரையும் என்னோடு வந்தது.
அதன் வருஷப் பட்டையில் எண்கள் தீர்ந்துவிட்டன.
உடைத்துவிட வேண்டும் என்பது விதி.
மிளகு டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

பிறகு எப்போது நழுவியது, தெரியாது.
மகன் மேசோட்டிலிருந்து அனுப்பிய மாத்திரைப் பெட்டியில்
ஏழு மூடி, மூடிமேல் தாய்லாந்து எழுத்து.
எதைத் திறந்தாலும் வாரம் அங்கேதான் தொடங்குகிறது.
குப்பை வண்டி மணியடித்தால் செவ்வாய் என்றிருந்தேன்.
டீசல் கிடைக்கிற அன்றைக்குத்தான் வருவானாம்.

கிழமை மறந்தவளுக்கு ஏற்ற ஊர் இல்லை இது.
இங்கே பெயரே கிழமையிலிருந்துதான் வருகிறது.
பள்ளியில் சேர்த்தபோது ரெங்கம்மாவைக் கேட்டார்கள்,
எப்போது பிறந்தாய்?
புதன், மதியத்துக்கு மேல்.
அப்படியானால் ராகு. யீ யீ வின் என்று எழுது.
இவர்களுக்கு வாரத்தில் எட்டு நாள்.
புதனை நடுவில் பிளந்து
முற்பகலுக்குத் தந்தமுள்ள யானை,
பிற்பகலுக்குத் தந்தமில்லாதது.
நான் தந்தமில்லாதது.

அன்றைக்குக் குன்றின்மேல் பகோடாவுக்கு ஏறும் படியில்
பூக்காரியிடம் கேட்டேன், "பா நே லே?"
என்ன நாள்?
"சனே" என்றாள், நாவல் கொழுந்தைக் கட்டிக்கொண்டே.
சனி.
வீட்டுக்கு வந்து எள் தீபம் ஏற்றினேன்.
மறுநாள் ஞாயிறு. உல்லம் மீன் வாங்கிப் புளி கரைத்து
தலையை எனக்கே வைத்துக்கொண்டேன்.
அதற்கும் மறுநாள் திங்கள். குடையும் புத்தகமுமாக
ஓய்வூதியம் வாங்கப் போனால்
இரும்புக் கதவு இழுத்துச் சாத்தியிருக்கிறது.
வாசலில் மொகிங்கா உறிஞ்சிக்கொண்டிருந்த காவலாளி
"டோ யீ யீ, இன்றைக்குச் சனிக்கிழமை" என்றான்,
பாதி நூலை வாயில் வைத்துக்கொண்டு.

மார்க்கெட் முனை வந்த பிறகுதான் உறைத்தது.
நான் கேட்டது இன்றைக்கு.
அவள் சொன்னது பிறந்ததற்கு.
இந்த ஊரில் அந்தப் படியில் யார் கேட்டாலும்
அதைத்தானே கேட்பார்கள்.
ஆக, பூக்காரி பிறந்த கிழமையிலிருந்து கிளம்பி
இரண்டு நாள் நடந்திருக்கிறேன்.
வெள்ளிக்கிழமை மீன் தின்றிருக்கிறேன்.
அம்மன் ஒன்றும் சொல்லவில்லை.
முள்கூடச் சிக்கவில்லை.

கையில் இரண்டு நாள் உபரி.
முன்பென்றால், பெட்டியில் கூடுதலாக நிற்கிற காசு
சிவப்பு மையில் உபரிக் கணக்கில் ஏறும்.
கேட்டு ஒருவரும் வராவிட்டால் சர்க்காருக்குப் போகும்.
இதை எந்த ஜன்னலில் கட்டுவது?
இன்னொரு ஞாயிறு இருக்கிறது எனக்கு. இன்னொரு திங்கள்.
மீன்தான் காசு தீர்ந்துவிட்டது.

குன்றேறினேன். வடமேற்கு மூலையில்
தந்தமில்லா யானையின் கட்டத்தில்
வயசுக்கு ஒரு கிண்ணம், மேலே ஒன்று,
தண்ணீர் ஊற்றவேண்டும்.
நாற்பதைத் தாண்டியதும் எண்ணிக்கை போய்விட்டது.
கீழே ஆற்றில் மணல்படகு ஒன்று
இருந்த இடத்திலேயே இருக்கிறதா நகர்கிறதா என்று
பார்த்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.
போதும் என்று தோன்றும்வரை ஊற்றினேன்.
யானை நனைந்துகொண்டு நின்றது.

இறங்கும்போது அவள் அதே படியில் இருந்தாள்.
நீ சொன்ன சனியில் நான் மாட்டிக்கொண்டேன் என்று
சொல்ல வாயெடுத்தேன்.
அவள் முந்திக்கொண்டாள்.
"பா நே லே?"
"புதன்" என்றேன். "மதியத்துக்கு மேல்."
அண்ணாந்து வெயிலைப் பார்த்தாள்.
பூக்களை ஈரத்துணியால் மூட ஆரம்பித்தாள்.