மூக்கின் அகலம்

பாலாடைக்கு ஆங்கிலத்தில் பெயரில்லை.
அம்பத்தூர் எஸ்டேட்டில் மாடிப்படிக்குக் கீழே என் ஆபீஸ்.
மணி ஒன்பதரை. நிங்போவில் நள்ளிரவு.
"அன்பு நண்பரே" என்று தொடங்கி
அழித்துவிட்டு
"வணக்கம் ஷூ" என்று எழுதுகிறேன்.
ஆணா பெண்ணா என்பதே இன்னும் தெரியாது.

முதலில் ஏழு கம்பெனிக்கு எழுதினேன்.
கிண்ணம்தான், ஆனால் கரண்டி.
சங்குதான், ஆனால் சிலிக்கோன்.
ஒருவர் குழம்பு ஊற்றும் ஜாடிக்கு விலை அனுப்பினார்.
ஒருவர், விளக்கா, திரி எங்கே என்றார்.
நான்கு பேரிடமிருந்து பதிலே இல்லை.
படத்தைத் திறக்காமலே
"முடியும், எல்லாம் முடியும்" என்றவரை
அன்றைக்கே விட்டுவிட்டேன்.
பந்தர் தெருவில் காகிதக்கடை வைத்திருந்த வீட்டுப் பெண் நான்.

விளக்கு என்று கேட்டவர்தான் ஷூ.
கேட்கத் தெரிந்த ஆள்.

ஆனால் ஷூ "ஆம்" என்றால்
"படித்துவிட்டேன்" என்று மட்டுமே பொருள்.
அது விளங்க இரண்டு மாதம் ஆனது.
இப்போதெல்லாம்
ஆம் என்று தப்பிக்க முடியாதபடி கேட்கிறேன்:
மூக்கு எத்தனை மில்லிமீட்டர்?
கொதிநீரில் எத்தனை நிமிடம் கிடந்தது?
பக்கத்தில் நின்று பார்த்தது யார்?

மாதிரி வந்தது. மூன்று. ஆரஞ்சு நிறம்.
மீனம்பாக்கத்தில் ஒன்பது நாள் முடங்கி,
கஸ்டம்ஸ் ஏஜென்ட் எபனேசர் நான்கு முறை அலைந்து.
வாஷ்பேசினில் ஊற்றிப் பார்த்தேன்.
குழாய் மாதிரிக் கொட்டியது.

"அழகாக இருக்கிறது, ஆனால்" என்று எழுதி
அந்த "ஆனால்" வரையில் அழித்தேன்.
"அகலம் அதிகம்" என்று எழுதினேன்.
"வரைபடத்தில் உள்ளபடிதான்" என்று பதில்.
வரைபடம் என்னுடையது.

ஞாயிறன்று நாத்தனார் வீட்டுக்குப் போனேன், கொரட்டூருக்கு.
இருபத்திரண்டு நாள் பிள்ளை.
எவர்சில்வர் பாலாடையில் அவள் புகட்டப் புகட்ட
ஐம்பது விநாடி படமெடுத்தேன்.
ஃபேன் சத்தமும் குக்கர் விசிலும் சேர்ந்தே பதிவாயின.
அப்படியே அனுப்பினேன்,
ஒரு வரிகூட எழுதாமல்.

மறுநாள் பால் பாக்கெட் எடுக்கும்போது பதில்:
"குழந்தை மூச்சு விடும்போது
அந்தப் பெண் கையை நிறுத்துகிறாள்.
எங்கள் மூக்கு நிற்காது.
இப்போது புரிகிறது.
சனிக்கிழமை புது வரைபடம்.
அச்சு மாற்ற நூற்றெண்பது டாலர் கூடுதல்."

இரண்டு தடவை படித்தேன்.
தொண்டையில் ஏதோ.
பாலைக் கீழே வைத்துவிட்டு
"நூற்றிருபது" என்று அடித்தேன்.