புகைபோக்கிக்காரன் சொன்ன பொய்

ஒரே கூரை. நடுவே ஒரு பலகைச் சுவர்.
இந்தப் பக்கம் எல்ஸியர், அந்தப் பக்கம் அவர் தங்கை ஜெர்மேன்.
மேய்ன் மாநிலத்தின் வடக்கு முனை. ஆற்றுக்கு அக்கரை கனடா.
ஆற்றைவிட அகலம் அந்தச் சுவர்.

சண்டை விறகைப் பற்றி.

எல்ஸியருக்குக் கட்டைதான் விறகு.
வெட்டிப் பிளந்து, பட்டை வானம் பார்க்க அடுக்கி,
காற்றுக்குத் தின்னக் கொடுத்தது.
எட்டடி நீளம், நாலடி உயரம், நாலடி ஆழம்:
ஒரு விரற்கடை குறைந்தாலும் அது அட்டி இல்லை என்பார்,
விற்றவன் முகத்துக்கு நேராகவே.

ஜெர்மேன் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள்.
இடது தோளில் எலும்பைப் பிடித்திருப்பது திருகாணி.
லாரியில் வந்திறங்கும் அவளுக்கு, மரத்தூள் செங்கல்.
"ஒரு டன். எண்ணிப் பார், எல்லாம் ஒரே எடை.
பூச்சியில்லை, சிலாம்பில்லை.
ஒன்பது மணிக்கு நாலு வைத்தால்
விடிகாலை ஐந்துக்குத் தணல் எனக்காக விழித்திருக்கும்."

"அது மரமா?" சுவருக்கு இப்பால் எல்ஸியர்.
"நாற்காலிக் கம்பெனி கூட்டித் தள்ளிய தூசி.
ஒரு வெடிப்பில்லை, சடசடப்பில்லை. ஊமை நெருப்பு."

"உன் நெருப்பு பேசியே
பாதிச் சூட்டை வெளியே விடுகிறது."

நான் இருவருக்கும் பொது.
ஆண்டுக்கொரு முறை ஏணியும் தூரிகையுமாய் வருகிறவன்.
கரியைப் பார்த்து வீட்டைச் சொல்வேன்:
பொடியாய் உதிர்ந்தால் உலர்ந்தது எரிந்திருக்கிறது;
தாராய் மினுங்கினால், யாரோ அவசரப்பட்டிருக்கிறார்கள்.
நீ எந்தக் கட்சி என்று இருவருமே கேட்பார்கள்.
கூலி கைக்கு வரும்வரை நானும் ஊமை.

இந்த முறை ஜனவரியில்தான் வர முடிந்தது.
மைனஸ் இருபத்தெட்டு. மூச்சு இழுத்தால் மூக்குக்குள் ஊசி.
ஜெர்மேன் கோட்டோடு கதவைத் திறந்தாள்.
அடுப்பின் மேல் கை வைத்தேன்.
நான் துடைக்க வருவேனென்று காலையில் ஆறவைத்த குளிர்ச்சி இல்லை அது.
இரும்பின் உள்ளெலும்பு வரை போயிருந்தது.

பேசாமல் கொட்டகைக்குக் கூட்டிப்போனாள்.
நவம்பர்க் காற்று தகரத்தைப் பிய்த்திருக்கிறது.
முதலில் மழை, பிறகு பனி.
செங்கற்கள் உப்பி, உறையைக் கிழித்துக்கொண்டு,
பாலில் ஊறிய ரொட்டியாய்ச் சரிந்து உறைந்து கிடந்தன.
கட்டை நனைந்தால் மறுபடி காயும்.
இது நனைந்தால், மறுபடி தூள்தான்.

"அடுத்த லாரி வியாழக்கிழமை," என்றாள்.
"அவனிடம் மூச்சு விடாதே."

சுற்றிக்கொண்டு அடுத்த கதவுக்குப் போனேன்.
எல்ஸியர் காப்பி ஊற்றினார். சர்க்கரையை மறந்தார்.
"மூன்று நாளாய் அவள் பக்கம் புகை இல்லை."
நான் கோப்பையைப் பார்த்தேன்.
"பின்னால் கொஞ்சம் கட்டை கிடக்கிறது.
பச்சை. அடுப்பில் வைத்தால் சீறும். எனக்கு உதவாது.
எங்கேயோ மிஞ்சியது என்று சொல்லிப் போட்டுவிட்டுப் போ."

பின்னால் போய்ப் பார்த்தேன்.
மேப்பிள். மூன்று கோடை கண்டது.
வெட்டுமுகமெங்கும் நடுவிலிருந்து ஓடிய கீறல்கள்.
தூக்கியபோது கை ஏமாந்தது, அத்தனை லேசு.

"வேறொரு வீட்டில் மிஞ்சியது," என்றேன் ஜெர்மேனிடம்.
"ஈரம்தான். வியாழன்வரை ஓட்டலாம்."
என் முதல் பொய் இல்லை. மிக மோசமானது.

அவள் இரண்டு கட்டைகளை எடுத்து
ஒன்றோடொன்று தட்டினாள்.

ணங்.

ஈரமாயிருந்தால் தொப்பென்றிருக்கும்.
சுவரை ஒட்டிப் போய் நின்று மறுபடி தட்டினாள்.
அந்தப் பக்கம் ஒரு நாற்காலி நகர்ந்தது.

"பச்சைக் கட்டை!" என்றாள் உரக்க.
"இதையும் விறகென்று வைத்திருக்கிறான் ஒருவன்."
பிறகு குனிந்து, பழைய செய்தித்தாளைக் கசக்கி,
தீப்பெட்டியைத் தேடினாள்.

அவள் குழாயை அன்றைக்குத் துடைக்கவில்லை.
வெள்ளிக்கிழமை வா என்றாள்,
செங்கல் வந்த பிறகு.